கரடிப் பெட்டியில் தயிர்சாதம்

கரடிகளுக்குப் பயந்து வைத்திருந்த அந்த இரும்புப் பெட்டியை நான் மூன்று முறை திறந்து பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்காமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

என் மகளுக்கு அப்போது நாலரை வயது. அவள் சாப்பிட மாட்டாள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான் இது என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் விஷயத்தில் அது குழந்தை மருத்துவரின் கணினித் திரையிலும் தெரிந்தது. அவர் காட்டிய வளர்ச்சிக் கோடு இரண்டு வயது வரை ஒழுங்காக மேலே ஏறி, பிறகு களைத்துப் போனது போலப் படுக்கத் தொடங்கியிருந்தது. புதன்கிழமை மறுபடியும் எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார். அப்போதும் ஏறியிருக்காவிட்டால் என்னென்ன பரிசோதனைகள் செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் மெதுவாக, அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் என்னைப் பயமுறுத்தியது.

பிளசன்டனில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. கையில் எவர்சில்வர் கிண்ணத்தோடு ஒரு குழந்தையின் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும் பெண். வேடிக்கை காட்டிச் சோறு ஊட்டுவது எங்கள் வீட்டில் எல்லோரும் செய்ததுதான். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அணில் வந்தால் ஒரு வாய். குப்பை லாரி தன் இரும்புக் கையை நீட்டித் தொட்டியைத் தூக்கினால் இரண்டு வாய். இலை ஊதும் இயந்திரங்களோடு தோட்டக்காரர்கள் வரும் நாள் எங்களுக்குத் திருநாள். ஆச்சரியத்தில் குழந்தையின் வாய் திறக்கும் அந்த நொடியில் விரலால் சோற்றை உள்ளே தள்ளிவிட வேண்டும். அதில் நான் கைதேர்ந்தவளாகியிருந்தேன்.

மருத்துவர் எங்களை உணவுப் பழக்கங்களைக் கவனிக்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நடக்கக் கூடாது. எதையும் காட்டக் கூடாது. மேஜையில் உட்கார வைத்து, தட்டை முன்னால் வைத்துவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும். சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிட வேண்டும். பசி வந்தால் அவளே கேட்பாள் என்றார். நான் சொன்னதைச் செய்கிறவள். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். தட்டை வைத்தேன், பேசாமல் இருந்தேன், எடுத்தேன். அவள் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து நானே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "வா கண்ணு, அணில் வந்துடுச்சான்னு பாக்கலாம்" என்று வெளியே கிளம்பினேன். எது சரி என்று தெரியாதவள் இரண்டையும் பாதிப் பாதி செய்வாள். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"வீட்டுக்குள்ள உக்காந்து அவ வாயையே பாத்துட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிச்சிடும்," என்றார் கணவர். "இந்த வீக்கெண்ட் மலைக்குப் போலாம்."

"புதன்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்குங்க."

"அதான். மலை ஏறி இறங்கினா வெயிட் ஏறும்."

"நடந்தா வெயிட் குறையும்."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பயம் ரெடியா இருக்கும்."

அவர் கண்டுபிடித்தது சியரா மலையில் ஒரு வட்டப் பாதை. கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். சின்னக் குழந்தைகளும் நடக்கலாம். வழியில் சுரங்கக் காலத்துப் பழைய குடியிருப்புகள் இரண்டு. அந்தப் பாதையைப் பற்றிப் போய்வந்தவர்கள் எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்தேன். ஒருவர் தன் மூன்று வயதுப் பையன் முழுவதும் நடந்ததாக எழுதியிருந்தார். இன்னொருவர் கரடியைப் பார்த்ததாக எழுதியிருந்தார். இரண்டாமவர் எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பினோம். லிவர்மோரைத் தாண்டி, காற்றாலைகள் சுழலும் மொட்டைக் குன்றுகளைத் தாண்டி, பாதாம் தோட்டங்களைத் தாண்டி, காது அடைக்கும் உயரத்துக்கு ஏறி, ஒரு சின்ன மோட்டலில் தங்கினோம். காலையில் கூடவே கொண்டுபோயிருந்த ரைஸ் குக்கரில் சோறு வைத்து, குழைய மசித்து, பால் நிறைய ஊற்றி ஒரு கரண்டி மட்டும் தயிர் விட்டுப் பிசைந்தேன். மதியத்துக்குள் புளிக்காமல் பதமாக இருக்கும். வீட்டிலிருந்து செய்து எடுத்து வந்த உருளைக்கிழங்கு வறுவலை இன்னொரு டப்பாவில் வைத்தேன். இரண்டையும் நீல நிறக் குளிர்காப்புப் பையில் போட்டு மூடினேன்.

பாதை தொடங்கும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. காரில் உணவோ வாசனை வரும் எந்தப் பொருளோ வைக்கக் கூடாது, கரடி கதவைப் பெயர்த்துவிடும், எல்லாவற்றையும் பக்கத்திலிருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துத் தாழிடவும் என்று எழுதியிருந்தது. நான் காரைத் துடைத்து எடுத்தேன். ஊறுகாய், முறுக்கு, பால், பற்பசை, தலைக்குத் தடவும் எண்ணெய், பவுடர்.

"பவுடர் கூடவா? கரடி மேக்கப் போட்டுக்கப் போகுதா?"

"போர்டுல போட்டிருக்குங்க. வாசனை வர்ற எதுவும் கூடாதாம்."

"அப்ப என்னையும் உள்ள வெச்சு மூடிடு. காலைல சென்ட் அடிச்சிருக்கேன்."

மகள் கைகொட்டிச் சிரித்தாள். "அப்பா இன் த பேர் பாக்ஸ்!" கரடிப் பெட்டிக்குள் அப்பாவாம்.

பெட்டியை மூடினேன். தாழ் விழுந்ததா என்று ஒருமுறை திறந்து பார்த்தேன். விழுந்தது சரியாகத்தான் விழுந்ததா என்று இன்னொருமுறை. பாதையில் கொஞ்ச தூரம் போன பிறகு மனசு கேட்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்று திரும்பி ஓடினேன். நல்லவேளை என்று அப்போது நினைத்தேன். காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நீலப் பை ஒன்று தரையில் இருந்தது. ஐயோ, இதை வெளியே விட்டுவிட்டோமே என்று எடுத்து, பெட்டியைத் திறந்து, உள்ளே தள்ளி, அழுத்தித் தாழிட்டேன்.

ஷூ நாடாவை இறுக்குவதற்காக அவர் கீழே வைத்த பை அது. நான் அதைத்தான் எடுத்து என் பையில் போட்டு வர ஓடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பை அவர் முதுகுப் பையில் ஏற்கெனவே ஏறிவிட்டது, இது மிச்சச் சாமான் பை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காடு எங்களை உள்ளே வாங்கிக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாலையின் சத்தம் ஒரு திருப்பத்தில் அறுந்து போனது. பிறகு கேட்டதெல்லாம் உயரத்தில், மிக உயரத்தில், மர உச்சிகளில் மட்டும் ஓடிய காற்று. கீழே ஓர் ஊசியிலை கூட அசையவில்லை. மரங்களின் அடிப்பாகத்தைத்தான் பார்க்க முடிந்தது. முழு மரத்தையும் பார்க்க வேண்டுமென்றால் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி பார்க்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் அப்படி நின்றோம். பழக்கதோஷம். மகளின் வாய் திறந்திருப்பதைப் பார்த்ததும் என் வலதுகை விரல்கள் தாமாகவே குவிந்தன.

செம்பழுப்புப் பட்டை கொண்ட ஒரு பைன் மரத்தருகே கணவர் மூக்கை வைத்து முகர்ந்தார். "இங்க வா, இதை மோந்து பாரு" என்று மகளைத் தூக்கினார். வெயில் பட்ட பட்டையின் வெடிப்புக்குள் மூக்கை நுழைத்தவள் கண்ணை அகல விரித்தாள்.

"அம்மா! த ட்ரீ ஸ்மெல்ஸ் லைக் கேக்!"

நானும் முகர்ந்தேன். உண்மைதான். வெண்ணெயும் வெல்லமும் சூடாகும் வாசனை. இத்தனை பெரிய, இத்தனை பழைய ஒரு மரம், தன் பட்டைக்குள் ஒரு பலகாரத்தின் வாசனையை வைத்துக்கொண்டு இங்கே நிற்கிறது. யாருக்காக? அவள் மரத்துக்கு மரம் ஓடி முகர்ந்தாள். பிறந்தநாளன்று கூடக் கேக்கை வேண்டாம் என்று தள்ளியவள்.

முதல் குடியிருப்பு ஒரு புல்வெளியின் ஓரத்தில் இருந்தது. வெயிலிலும் பனியிலும் வெள்ளி நிறமாகிவிட்ட மர வீடுகள் ஐந்தாறு. தங்கமோ வெள்ளியோ தோண்ட வந்தவர்கள் கட்டி, சுரங்கம் வற்றியதும் அப்படியே விட்டுப்போன வீடுகள். யாரோ பத்திரமாகப் பாதுகாக்கிறார்கள். உள்ளே போக முடியாது, ஜன்னல் கண்ணாடி வழியே பார்க்கலாம். நான் நெற்றிக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தேன். இரும்பு அடுப்பு. அதன்மேல் ஒரு கெட்டில். மேஜைமேல் தகரத் தட்டுகள். மேஜையோரம் ஒரு குழந்தைக்கான உயர நாற்காலி.

பனிக்காலத்தில் கூரை வரை பனி மூடிவிடும், மாடி ஜன்னல் வழியாக வெளியே வருவார்கள் என்று அங்கே எழுதி வைத்திருந்தார்கள். நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாத மாதங்களில் அந்த அம்மா எதைக் காட்டி ஊட்டியிருப்பாள்? பிறகு தோன்றியது: அவளுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. தட்டில் என்ன வைப்பது என்பதுதான் கவலையாக இருந்திருக்கும். இந்த உயரத்தில், இந்தக் குளிரில், மருத்துவர் இல்லாத இடத்தில், ஒரு பெண் தினமும் அடுப்பைப் பற்றவைத்து ஒரு குழந்தையை வசந்தம் வரை கொண்டுபோயிருக்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குக் கைகூப்ப வேண்டும் போல இருந்தது.

மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். "வேர் இஸ் த பேபி?"

"பேபி பெருசாயிடுச்சு, கண்ணு. போயிடுச்சு."

கொஞ்சம் யோசித்தாள். "ஷி ஃபினிஷ்ட் ஹர் ஃபுட்?"

 கணவர் என்னைப் பார்க்காமல் புல்வெளியைப் பார்த்தார்.

அங்கிருந்து பாதை ஏறியது. மரங்கள் குட்டையாகி, விலகி, கடைசியில் எங்களை ஒரு வெறும் பாறைத் தோள்மேல் விட்டன. முன்னால் ஒன்றும் இல்லை. அதாவது, எல்லாம் இருந்தது. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் நீலம் வெளுத்த இன்னொரு மலை. கீழே ஒரு சின்ன ஏரி, வானத்தின் ஒரு துண்டு தவறி விழுந்து அங்கேயே தங்கிவிட்டது போல. ஒரு மேகத்தின் நிழல் ஒரு முழு மலைச்சரிவையும் மெல்லத் துடைத்துக்கொண்டு போனது. பொதுவாக நான் இந்த மாதிரி இடங்களில் குழந்தையின் கையை நசுக்குவேன். அன்றும் பிடித்திருந்தேன். ஆனால் கொஞ்ச நேரம், புதன்கிழமை என்று ஒரு நாள் இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

"சாப்பாட்டை எடு," என்றார் அவர், பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்து.

"உங்க பேக்ல தானே இருக்கு?"

"உன்கிட்ட இல்ல?"

அவர் பையில் தண்ணீரும் ஜாக்கெட்டுகளும் இருந்தன. என் பையில் தெர்மாமீட்டர், ஜுர மருந்து, உப்பு-சர்க்கரைப் பொட்டலங்கள், பேண்டேஜ், மாற்றுத் துணி, இன்னொரு மாற்றுத் துணி. இரண்டு பையையும் பாறைமேல் கவிழ்த்தோம். சாப்பிட எதுவும் இல்லை.

"நீல பை. வீல் பக்கத்துல இருந்துச்சே," என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "நான் அதைப் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது.

"கரடி இந்நேரம் பெட்டியைத் தட்டி, 'கொஞ்சம் ஊறுகாய் கிடைக்குமா'ன்னு கேட்டுட்டிருக்கும்."

"சிரிக்காதீங்க. அவ காலைல அரை டம்ளர் பால்தான் குடிச்சிருக்கா. மணி என்ன ஆச்சு பாருங்க. புதன்கிழமை வெயிட் பாக்கப்போறாங்க. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்!"

"சரி, சரி. திரும்பிடலாமா?"

அங்கேதான் வட்டப் பாதையின் குணம் புரிந்தது. நாங்கள் சரியாக நடுவில் நின்றிருந்தோம். திரும்பினாலும் தொடர்ந்தாலும் ஒரே தூரம். அடுத்த குடியிருப்பில் ஒரு சின்னக் கடை உண்டு என்று படித்த ஞாபகம் எனக்கு இருந்ததால் தொடர்ந்து போனோம்.

இரண்டாவது குடியிருப்பில் கோடையில் மட்டும் ஆட்கள் இருப்பார்களாம். வேலிகளில் பெயின்ட் புதிதாக இருந்தது. ஒரு வாசலில் விறகு அழகாக அடுக்கியிருந்தது. ஓடை ஒன்று நடுவே ஓடியது. கடையும் இருந்தது. கதவில், பருவம் முடிந்தது, வசந்தத்தில் சந்திப்போம் என்று ஓர் அட்டை தொங்கியது. ஒரு வீட்டிலும் புகை இல்லை. அவர் கோட்டுப் பையைத் துழாவி ஒரு புதினா மிட்டாயைக் கண்டெடுத்தார். மகள் அதை வாயில் போட்டு, "ஸ்பைசி" என்று உடனே துப்பினாள்.

பிறகு கடைப் படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, மை டம்மி ஹர்ட்ஸ்."

 மலை உயரத்தில் குழந்தைகளுக்குத் தலைவலி வரும், வாந்தி வரும், உடனே கீழே இறக்க வேண்டும் என்றெல்லாம் படித்திருந்தேன். முன்னால் மண்டியிட்டேன். நெற்றியைத் தொட்டேன். தெர்மாமீட்டரைத் தேடினேன். "தலை வலிக்குதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா? எங்க வலிக்குது, காட்டு."

சட்டையைத் தூக்கி வயிற்றின் நடுவைக் காட்டினாள். "ஹியர். உள்ள யாரோ பிடிச்சு இழுக்கறாங்க. அண்ட் இட் இஸ் டாக்கிங்."

அந்த நேரம் பார்த்து அது பேசியது. ஓடைச் சத்தத்தையும் மீறி, கிர்ர்ர் என்று, எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

அவர் என் தோளைத் தொட்டார். "ஏய். தெர்மாமீட்டரை உள்ள வை. இது பசி."

நான் அவரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். அவள் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள் இப்போதுதான் யாரோ குடிவந்தது போல. நாலரை வருடம். பால் நேரத்துக்கு முன்னாலேயே பால், சோற்று நேரத்துக்கு முன்னாலேயே கிண்ணம், நடுவில் ஏதாவது ஒரு வாய். பசி வந்து கதவைத் தட்ட நான் ஒரு நாள் கூட இடம் கொடுத்ததில்லை. அவளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. நோய் என்று நினைத்துவிட்டாள்.

"பாப்பா," என்றார் அவர், குனிந்து. "அதுக்குப் பேரு பசி. வயித்துக்கு சாப்பாடு வேணுமாம்."

"ஐ வான்ட் ரைஸ்," என்றாள் உடனே, கோபமாக. "கிவ் மி."

அவள் கேட்டாள். அந்தச் சொற்களுக்காக நான் எத்தனை தட்டுகளை எடுத்து வைத்திருந்தேன். கேட்டபோது என்னிடம் கொடுக்க ஒரு பருக்கை இல்லை.

"கார்கிட்ட இருக்கு, கண்ணு. அந்தப் பெரிய பெட்டிக்குள்ள."

"பேர் பாக்ஸ்?"

"ஆமா."

எழுந்தாள். "கம் ஆன், அம்மா!"

"தூக்கிக்கட்டுமா?"

"நோ. யூ ஆர் ஸ்லோ."

நடந்தாள். அப்படி ஒரு நடையை அவளிடம் நான் பார்த்ததில்லை. காலையில் ஒவ்வொரு பைன் காய்க்கும் நின்றவள், ஒவ்வொரு எறும்புக்கும் குனிந்தவள், இப்போது எதற்கும் நிற்கவில்லை. வீட்டில் எப்போதும் அவள் ஓட, நான் கிண்ணத்தோடு துரத்துவேன். இப்போதும் அவள்தான் முன்னால், நான்தான் பின்னால். ஆனால் என் கையில் எதுவும் இல்லை. அவள் என்னை விட்டு ஓடவில்லை, சோற்றை நோக்கி ஓடினாள்.

பாதை ஆஸ்பென் மரங்களுக்குள் இறங்கியது. அக்டோபர் தொடக்கம். வெள்ளைத் தண்டுகள், அவற்றின் மேல் மஞ்சள் என்று சொல்ல முடியாத ஒரு மஞ்சள். காற்று வராதபோதும் இலைகள் நடுங்கின. வந்தபோது காடு முழுவதும் காசுகளாகக் குலுங்கியது. இலைகள் எங்கள் தலையில், தோளில் விழுந்தன. "பாரு கண்ணு, பாரு" என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவளுக்கு இப்போது அது தேவையில்லை.

அதனால் நானே பார்த்தேன். அணில், லாரி, நிலா, விமானம் என்று இத்தனை வருடமாக எதைப் பார்த்தாலும் அது எத்தனை வாய்க்கு ஆகும் என்றுதான் பார்த்திருந்தேன். இந்த மஞ்சள் எதற்கும் ஆக வேண்டியதில்லை. எதையும் யாருக்குள்ளும் தள்ள வேண்டியதில்லை. அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன், இரண்டு முறை வேரில் தடுக்கினேன்.

பின்னால் வந்த கணவர், "வாயை மூடிட்டு நட, இலை விழுந்துடும்" என்றார்.

கடைசித் திருப்பத்தில் கார் தெரிந்ததும் அவள் ஓடத் தொடங்கினாள். பெட்டியின் தாழ் கரடியின் நகத்துக்கு எட்டாதபடி செய்தது. அவசரத்தில் என் விரல்களுக்கும் எட்டவில்லை. "ஹர்ரி, அம்மா, ஹர்ரி!" மூன்று முறை நானே அழுத்திப் பூட்டியது. ஒருவழியாகத் திறந்தேன். பவுடர், எண்ணெய், ஊறுகாய்க்கு மேலே நீலப் பை உட்கார்ந்திருந்தது.

பக்கத்திலிருந்த மர பெஞ்சில் டப்பாவைத் திறந்து வைத்தேன். பால் தோய்ந்து, பதமாக, குளிர்ந்து இருந்தது சோறு. உருளைக்கிழங்கை ஓரமாக வைத்தேன். பழக்கத்தில் என் விரல்கள் ஒரு வாய் எடுத்து உருட்டிவிட்டன. அவள் அதைப் பார்க்கவே இல்லை. அவள் கை ஏற்கெனவே டப்பாவுக்குள் இருந்தது, மணிக்கட்டு வரை.

உருட்டிய சோற்றோடு என் கை அந்தரத்தில் நின்றது. ஒரு வாய் பெரிதாக எடுத்துவிட்டாள், அடைத்துக்கொள்ளுமோ. கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாமோ. உருளைக்கிழங்கு காரமோ. இத்தனை பசிக்கு இத்தனை வேகம் நல்லதா. புதன்கிழமை அந்தக் கோடு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. நாளை மறுபடியும் பசி வருமா, வரும்வரை என்னால் பேசாமல் இருக்க முடியுமா, அதுவும் தெரியாது. அங்கே பார் என்பது போல் கணவர் தலையை மலைப் பக்கம் அசைத்தார்.

கையிலிருந்த கவளத்தை நானே வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கும் பசித்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு பெஞ்சில் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எதிரே மலை. பிற்பகல் வெயிலில் அதன் பாறைத் தோள், சற்று முன் நாங்கள் நின்ற இடம், நம்ப முடியாத உயரத்தில் இருந்தது. அங்கே இந்தச் சின்னக் கால்கள் ஏறி இறங்கியிருக்கின்றன. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால், அவசரமாக, சப்புக் கொட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு குழந்தை சாப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் திரும்பவில்லை.